ராசப்பனுக்கு அழ ஓர் ஆள்

காக்கை தலையில் அடித்துவிட்டது என்று மாமனார் வந்து சொன்னபோது பழனியம்மாளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அவள் அப்படித்தான். எந்த இடத்தில் சிரிக்கக் கூடாதோ அந்த இடத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை குழந்தைவேலின் தலையில் கட்டிய உருமால் நழுவிக் கண்ணை மறைத்ததைப் பார்த்து மணவறையிலேயே குலுங்கியவள் அவள். இந்தப் பெண் தேறாது என்று அன்றைக்கே பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இந்த முறை சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். ஏனென்றால் ஐப்பசியில் மாமியார் கண்ணாத்தாள் செத்துப்போனதற்குப் பிறகு, சித்திரை பிறந்திருக்கும் இன்றுதான் ராசப்பக் கவுண்டர் தானாக வாய் திறந்து பேசியிருக்கிறார்.

"எனக்குச் சேதி வந்துருச்சு அம்மிணி," என்றார். கல்யாணச் சேதி வந்தவர்போல முகத்தில் அப்படியொரு நிம்மதி. "காக்கா வந்து மண்டையில அடிச்சிட்டுப் போவுது. இனி என்ன? கௌம்ப வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்ப் படுத்து, துண்டை முகத்தின்மேல் போட்டுக்கொண்டார். கம்மங்கூழைக் கொண்டுபோனால் வேண்டாம் என்று கை மட்டும் அசைந்தது.

காக்கையின்மேல் தப்பு இல்லை. வேப்பமரத்தில் அது கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. அந்த மரத்தடியிலேயே ஒரு மனிதர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தால் பெற்றவளுக்குச் சந்தேகம் வராதா?

ஒரு காலத்தில் ராசப்பக் கவுண்டர் வயலில் நின்று அதட்டினால் பக்கத்துத் தோட்டத்து மாடும் நின்றுவிடும். ஆவாரங்காட்டுப் புதூரில் அவரிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. மனைவி செத்த அன்றைக்குக்கூட அவர் அழவில்லை. பந்தல்கால் கோணல் என்று கத்தினார், விறகு ஈரம் என்று கத்தினார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று கத்தினார். அக்கா பாப்பாயி அத்தனை பேர் முன்னாலும், "கல்லு நெஞ்சுக்காரா! நாப்பது வருசம் சோறு போட்டவடா அவ!" என்று சொல்லிவிட்டுக் கை நனைக்காமல் பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் அவருடைய கத்தலும் நின்றது. கல் என்று சொன்னார்கள். மனிதர் கல்லாகவே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரார் வாய்க்குக் கேட்கவா வேண்டும்? காத்துக் கருப்பு என்றார்கள். பூசாரி வந்து வேப்பிலையால் அடித்தார். போகும்போது மறக்காமல் சேவலைத் தூக்கிக்கொண்டு போனார். "வயசாச்சு, இனி இப்பிடித்தான்," என்றார்கள். வயசு ஆகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரே ஐப்பசியில் அத்தனை வயசும் ஒன்றாகவா வந்து இறங்கும் என்பது பழனியம்மாளின் கேள்வி. அவர் எழுந்து கிணற்றுப் பக்கம் நடந்தால் போதும், குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். எதற்குப் பயப்படுகிறாள் என்பதை அவள் புருஷனிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. தொட்டியும் பானையும் நிரம்பி, வீட்டில் தண்ணீர் வைக்க இடமில்லாமல் போய், வாசலில் நின்ற முருங்கைக்கு என்றைக்கும் இல்லாத யோகம் அடித்தது.

இப்போது காக்கை வேறு. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

காக்கை தலையில் அடித்தால் சாவு என்பார்கள். அதற்குக் கழிப்பும் உண்டு. அடிபட்ட ஆள் செத்துப்போனதாக உறவுக்காரர்களுக்குப் பொய்ச் சேதி அனுப்ப வேண்டும். அதை நம்பி யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த ஆளுக்காக மெய்யாகவே கண்ணீர் விட்டுவிட்டால் தோஷம் ஓடிப்போய்விடும். அப்புறம் உண்மையைச் சொல்லி, வந்தவர்கள் திட்டுகிற திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, சோறு போட்டு அனுப்பவேண்டியதுதான்.

பழனியம்மாள் இதை நம்பினாளா என்றால், பாதி. ஆனால் மாமனார் முழுசாக நம்பினார். செத்துவிடுவோம் என்று ஒரு மனிதர் முழுசாக நம்பிக்கொண்டு கூழையும் ஒதுக்கினால் காக்கை பலிக்காமல் என்ன செய்யும்?

"பெத்த அப்பனைச் செத்துட்டாருனு சொல்லியனுப்பச் சொல்றியா?" என்று குழந்தைவேல் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"சாகறேன்னு படுத்திருக்கறவரை எழுப்பத்தானுங்க."

உள்ளேயிருந்து துண்டுக்கடியில் குரல் வந்தது. "வெட்டி வேலை. எனக்கு யாரு அழுவா?"

கேள்வி நியாயமான கேள்வி. பங்காளிகளோடு வரப்புச் சண்டை. சம்பந்திகளோடு சீர்ச் சண்டை. மீதி இருப்பது அக்கா பாப்பாயி ஒருத்தி. அவளோ ஐப்பசியில் போனவள் எட்டிப் பார்க்கவில்லை. ஊரைக் கூட்டிப் பந்தி வைக்க ராசப்பக் கவுண்டருக்கு ஆள் உண்டு. அவருக்காக அழ ஒரு ஆள் தேற வேண்டுமே!

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங் மாமா. சத்தமில்லாமப் படுத்திருந்தாப் போதும்."

"அதத்தானே பண்ணீட்டிருக்கறேன்."

பாப்பாயியிடம் சேதி சொல்ல வேலூருக்குப் போக அடுத்த வீட்டுக் கந்தவேல் ஒத்துக்கொண்டான். மற்றவர்களுக்கு வேறு ஆட்கள் போனார்கள். கந்தவேலுக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பதால் காதை மூடித் துண்டைக் கட்டி அனுப்பினாள் பழனியம்மாள். ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே, பொழுது விடிந்ததும் துக்கவீட்டுக்கு வருவதுபோல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து வாசலில் இடம் பிடித்தார்கள். சண்டை வந்து யுத்த காலமாகிப்போனதில் கூத்து பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது, பாவம்.

முதலில் வந்தவர் பக்கத்து ஊரில் குடியிருக்கும் பங்காளி அர்த்தநாரி. தெருமுனையிலிருந்தே, "அய்யோ அண்ணா!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். பழனியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தாள். கோடைக் காட்டாற்று மணல்போல வறண்டிருந்தது கண்.

குழந்தைவேலின் கையைத் தொட்டுக் கேதம் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் விதி. ஏந்தம்பி, அந்தக் கெணத்து மொறை... அண்ணன் இருந்தவரைக்கும் அவரே எச்சா ரெண்டு பொழுது எறச்சுக்குவாரு. இனிமேல்ப்பட்டு எனக்கு உண்டானது எனக்கு வந்துரோணும். இப்பப் பேசக் கூடாது, இருந்தாலும் சொல்லி வெக்கறேன்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது இதுதான். உள் அறையில் பலமாக ஒரு இருமல் கேட்டது.

"யாரு இருமறது?" என்றார் அர்த்தநாரி.

"ஆடுங்," என்றாள் பழனியம்மாள். சொன்னதுதான் தாமதம், சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை முகம் முழுக்க மூடிக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டும் குலுங்குகிறது. வாயில் சேலையைத் திணித்தால் மூக்கு வழியாக வருகிறது.

"மருமகள்னா இவளல்லோ மருமக!" என்று அர்த்தநாரியோடு வந்திருந்த ஒரு கிழவி அவள் முதுகைத் தடவினாள். "என்னமா ஏங்குறா பாரு!"

எடப்பாடியிலிருந்து சம்பந்தி வீட்டுப் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். இறங்கியதுமே வட்டமாக உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். கண்ணீரும் வந்தது! பழனியம்மாளுக்கு அப்படியொரு சந்தோஷம், நகர்ந்து போய்ப் பக்கத்தில் காதைக் கொடுத்தாள். ஒருத்தி போன வருஷம் செத்த தன் அப்பனுக்கு அழுதாள். இன்னொருத்தி பட்டாளத்துக்குப் போய்ச் சேதியே வராத தம்பிக்கு அழுதாள். மூன்றாமவள் மாமியார் பிடுங்கிக்கொண்ட காசுமாலைக்கு அழுதாள். ராசப்பக் கவுண்டருக்கு என்று ஒரு சொட்டு அந்த வட்டத்தில் இல்லை. குற்றம் சொல்ல முடியுமா? துக்கவீடு பொதுவான இடம். அடக்கி வைத்ததை அவரவர் அங்கேதான் இறக்கி வைக்க முடியும்.

அதற்குள் அர்த்தநாரி மூக்கை உறிஞ்சினார். "சாவு ஊட்டுல தாளிக்கற வாசமாட்ட வருது?"

வராமல்? புறக்கடையில் அரிசிம்பருப்புச் சோறு பெரிய அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. அரிசி கிடைக்காத யுத்த நாளில், திட்டப்போகிற உறவுக்காரர்களுக்காக அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி ஆக்குகிற சோறு.

"பக்கத்தூட்டுலீங்," என்றான் குழந்தைவேல்.

பக்கத்து வீட்டுக்காரர் அவன் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். "ஆமாங், எங்கூட்டுல எந்நேரமும் தாளிப்பமுங்," என்றார் அவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டே. பழனியம்மாள் மறுபடியும் மடிந்து விழுந்தாள்.

வெயில் ஏறியது. அவருக்கென்று ஒருவரும் அழவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். மாமனார் துண்டை எடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னனல்ல அம்மிணி," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. இந்த விளையாட்டில் தோற்றால் என்ன ஆகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காக்கை சொன்னதை அவள் ஊரைக் கூட்டி உறுதிப்படுத்திக் கொடுத்துவிட்டாள்! உனக்கு அழ நாதியில்லை என்று உறவு முழுவதையும் வரவழைத்து அவர் காதுபடச் சொல்லவைத்துவிட்டாள். இனி பாப்பாயி வந்தால்தான் உண்டு.

கரி போட்டு ஓட்டுகிற பஸ் நாமக்கல்லில் இறக்கிவிட, அங்கிருந்து வண்டி பிடித்து உச்சிப்பொழுதுக்கு வந்து சேர்ந்தாள் பாப்பாயி. கந்தவேல் முன்னால் ஓடிவந்து பழனியம்மாளின் காதில் சொன்னான். "சேதியச் சொன்னனுங்க. வெத்தலை அடுக்கீட்டிருந்தவிய அப்பிடியே எந்திரிச்சு வந்துட்டாங்க. பொட்டுக் கண்ணீரு இல்லீங்க. பஸ்ஸுல எடமில்லீனு நான் மேல கூடைகளோட ஏறிக்கிட்டன். அவிய கீழ. எறங்கறப்பவும் பாத்தன், முகம் அப்பிடியே கட்டையாட்ட இருக்குது."

தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு நடுவில் வந்து நின்றாள் பாப்பாயி. யாருடைய கழுத்தையும் கட்டவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. உள் அறைக் கதவைப் பார்த்துத் தடியை நீட்டினாள்.

"டேய் ராசப்பா! போயிட்டியாடா? சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியா? வெவஸ்தை கெட்டவனே!"

தடியைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"அவ இருந்தப்ப அவ ஊத்துன கூழு நல்லாருக்குதுனு ஒரு நாள் சொல்லியிருப்பியாடா? சந்தைக்குப் போனா அவளுக்கு ஒரு முழம் பூவு வாங்கியாந்திருப்பியா? அவ ஆத்தாளூட்டுக்குப் போனா மூணாம் நாளே போயி வாசல்ல நின்னுக்குவ. என்னடா ராசப்பானு கேட்டா, மாடு வாங்க வந்தன்னுவ. எந்த மாட்ட வாங்குன நீயி? ஒரு நாளாச்சும் ஒரு மாட்டப் புடிச்சுட்டு வந்தியா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பழனியம்மாள் இல்லை. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ செத்தன்னைக்குப் பந்தக்காலு கோணல்னு கத்தீட்டுத் திரிஞ்ச. நானு கல்லுன்னன். என்ற தம்பி எதுக்குக் கத்துவான்னு எனக்குத் தெரியாதா? முள்ளுக் குத்துனா முள்ளத் திட்டுவ, காச்ச வந்தா கம்பளியத் திட்டுவ. சின்னதுல இருந்து உனக்கு அழுவத் தெரியாது. தெரிஞ்சிருந்தும் பேசிப்புட்டுப் போயிட்டன். உன்னக் கட்டிப் புடிச்சு, அழுவுடா சாமினு சொல்லியிருக்கோணும். ஆரும் சொல்லல. நானும் சொல்லல. இப்ப அவகிட்டயே போயிட்டியல்லோ, அவ மடியிலயாச்சும் தலைய வெச்சு..."

அவ்வளவுதான். உள் அறையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ஆடு இல்லை, மாடு இல்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்த ஓலம்.

"கண்ணாத்தா... ஆஆ... கண்ணாத்தா!"

பிணம் அழுகிறது! அர்த்தநாரி விறகுக் குவியலைத் தாண்டிக் குதித்தார். அந்த வயசில் அந்தத் தாண்டு அவரே எதிர்பார்க்காதது. எடப்பாடிப் பெண்கள் வண்டியில் ஏறிய வேகத்தில் வண்டி குடை சாய்ந்தது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று நன்றாகத் தெரிந்த ஊர்க்காரர்களும் அல்லவா ஓடினார்கள்! எந்நேரமும் தாளிக்கிற பக்கத்து வீட்டுக்காரரைச் சோளத்தட்டுப் போருக்குள்ளிருந்து அப்புறம்தான் இழுத்தெடுத்தார்கள்.

ஓடாமல் நின்றது பாப்பாயி மட்டும்தான். கதவைத் தடியால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே பழனியம்மாள்.

ராசப்பக் கவுண்டர் பாயில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, வாய் கோணி, அடிபட்ட பிள்ளைபோல அழுதுகொண்டிருந்தார். பாப்பாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"காக்காயா?" என்றாள்.

"ஆமாங் பெரியம்மா," என்றாள் பழனியம்மாள்.

தம்பியின் முதுகில் ஒரு அறை விழுந்தது. அறைந்த கையாலேயே அவர் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழுவுடா," என்றாள். "அழுவு சாமி. பந்தலெல்லாம் நேராத்தான் நிக்குது. நீ அழுவு."

அவர் பொழுது இறங்கும்வரை அழுதார். நடுவில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டு மறுபடி அழுதார். வீட்டில் தண்ணீருக்குத்தான் பஞ்சமே இல்லையே.

ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கத்தினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள், அப்படியே பந்தியிலும் உட்கார்ந்தார்கள். ராசப்பக் கவுண்டரையும் அழைத்து வந்து இலை போட்டார்கள். வீங்கிய கண்ணோடு அவர் ஒரு கவளம் எடுத்தார். பழனியம்மாள் கரண்டியும் கையுமாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாஞ் செரி," என்றார் அர்த்தநாரி, மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டே. "தோசங் கழியலையே? அழுதது அண்ணன். அவரும் அண்ணிக்கு அழுதாரு. அண்ணனுக்குனு ஆரு அழுதா?"

சில பேருக்கு நாக்கில் சனி பிறக்கும்போதே குடியேறிவிடுகிறது. பெரியவரின் கை இலையிலேயே நின்றது. கவளத்தைத் திரும்ப வைத்துவிட்டு இலையை மெதுவாக மூடப்போனார். பழனியம்மாளுக்கு அந்த அண்டாவைத் தூக்கி அர்த்தநாரியின் தலையில் கவிழ்க்கவேண்டும்போல ஆத்திரம் வந்தது.

"இலைய மடக்காதடா," என்றாள் பாப்பாயி. "வேலூருல பஸ்ஸுல ஏறுனதுல இருந்து அழுதன். உம்பேரச் சொல்லிச் சொல்லித்தான் அழுதன். அதுதான் இங்க வந்து எறங்கறப்பக் கண்ணுல ஒண்ணுமில்ல, எல்லாந் தீந்துபோச்சு."

கந்தவேல் தலையில் அடித்துக்கொண்டான். "நான் மேலல்லோ உக்காந்திருந்தன்!"

"நானு மட்டுமா? பக்கத்துல இருந்தவ ஏன் ஆயா அழுவறனு கேட்டா. என்ற தம்பி போயிட்டான்னன். சின்ன வயசுல என்னைத் தூக்கிக்கச் சொல்லிக் காடெல்லாம் அழிச்சாட்டியம் பண்ணுவான், இப்ப நாலு பேரு தூக்கீட்டுப் போறதப் பாக்கப் போறன்னன். அவளும் அழுதா. அவளப் பாத்து முன்னாடி இருந்தவ அழுதா. பரமத்தி தாண்டறதுக்குள்ள பஸ்ஸே அழுதுச்சுடா."

ராசப்பக் கவுண்டர் நிமிர்ந்தார். "பஸ்ஸேவா?"

"ஏறுனவ எறங்குனவ பூராவும்."

"ஆம்பளைங்களுமா?"

"கண்டெக்டரு துண்டால மூக்கச் சிந்தீட்டேதான் டிக்கெட்டுக் கிழிச்சான்."

"டிரைவரு?"

"அவனும் அழுதா வண்டி ஆத்துலயல்லோடா போயிருக்கும்!"

முதலில் சிரித்தது யார் என்று பிற்பாடு அந்த ஊரில் பெரிய வழக்கே நடந்தது. பழனியம்மாள்தான் என்பது பெரும்பான்மையான கட்சி. அவளோ கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மாமனாரின் தோள் குலுங்குவதை முதலில் பார்த்ததாகவும், அழுகிறார் என்று நினைத்து ஓடியதாகவும், கிட்டே போனால் சிரிப்பு என்றும் சாதிப்பாள். எப்படியோ, இலை மடங்கவில்லை.

இதோடு எல்லாம் தெளிந்தது என்று முடித்தால் அது பூசாரி சொல்கிற கதை. பாப்பாயி வெற்றிலைக் கொடிக்காலை மகன்களிடம் விட்டுவிட்டு அங்கேயே தங்கினாள். அக்காவும் தம்பியும் உட்கார்ந்து கண்ணாத்தாளைப் பற்றிப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், அழுதார்கள். அர்த்தநாரியை வரப்பில் நிறுத்தி ஊர் முழுக்கக் கேட்கிறாற்போல ஒரு திட்டுத் திட்டினார் ராசப்பக் கவுண்டர். அன்றைக்கு வீட்டில் கச்சாயம் என்ற வெல்லப் பலகாரம் சுட்டார்கள்.

ஆனி பிறந்து ஒரு காலையில் அவர் எழவில்லை. பாய் சுருட்டவில்லை, பல் துலக்கவில்லை. பாப்பாயி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அறை வாசலில் வந்து நின்ற பழனியம்மாள் ஐப்பசியிலிருந்து சித்திரைவரை பார்த்த அதே முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று அவசரமாக யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"மாமா?"

அவர் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஆகல அம்மிணி. மனசு என்னமோ பண்ணுது. செத்த நேரம் இங்க உக்காந்துக்கறயா?"

இப்படி அவர் யாரிடமும் கேட்டதே இல்லை. கண்ணாத்தாளிடம்கூட.

"உக்காந்துக்கறனுங் மாமா," என்று அவர் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அடுப்பில் பருப்பு தீய்கிற வாசம் வந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டாள்.